ரீசனபிள் அக்காமடேஷன்: தமிழில் என்ன சொல்வது?

மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான வேலை விண்ணப்பங்களிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்பதற்குத் தமிழாக ‘நியாயமான தங்குமிடம்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அந்த ஆங்கிலச் சட்டத் தொடர் குறிப்பதோ, ஒருவரின் குறைபாட்டுக்கு ஏற்பப் பணியிடத்திலோ தேர்விலோ செய்துதரும் மாறுதலை. மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்ததை யாரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘உங்களுக்கு நியாயமான தங்குமிடம் தேவையா?’ என்று கேட்டால், பிளஸ் டூ முடித்து உள்ளூரிலேயே வேலை தேடும் பார்வைக் குறைபாடுள்ள பையன் ‘தேவையில்லை’ என்றுதான் எழுதுவான். அவனுக்கு வீடு இருக்கிறது. திரைவாசிப்பான் (கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வேண்டும் என்று எழுத வேண்டிய கட்டத்தில், ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறான்.

‘அக்காமடேஷன்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். அதில் ‘மோதுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து அளவுக்குப் பொருந்தியது என்ற சொல்லும், அதிலிருந்து பொருந்தச் செய்தல் என்ற வினையும் பிறந்தன. தங்க இடம் கொடுப்பது பின்னால் கிளைத்த பொருள். அமெரிக்கச் சட்டத்தில் 1972-ல் ஊழியர்களின் மத வழக்கங்களுக்காக நுழைந்த இந்தக் கருத்து, 1990-ல் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கும், 2006-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கும், 2016-ல் நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்கும் வந்தது. நம் சட்டத்தின் பிரிவு 2(ஒய்) சொல்வதன் சாரம்: மற்றவர்களுக்குச் சமமாக உரிமைகளைப் பயன்படுத்த, ஒருவருடைய குறிப்பிட்ட நிலைமையில் தேவைப்படும் பொருத்தமான மாறுதல், செய்பவர்மேல் அளவுமீறிய சுமை ஏற்றாதது.

தங்குமிடம் அப்பட்டமான பிழை, சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். அதைவிடக் கேடு செய்வது ‘சலுகை’. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். சலுகை என்பது கொடுப்பவரின் மனமிரங்கல். ரயில் கட்டணத்தில் குறைப்பது சலுகை. ஒரு வகையினர் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் கிடைக்கும், நாளை நிறுத்தவும் செய்யலாம். நாம் பேசும் விஷயம் அப்படியல்ல. ஒருவர் தம் தேவையைச் சொல்லிக் கேட்பது அது, மறுத்தால் பாகுபாடு என்று அதே 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எச்) சொல்கிறது. பன்னிரண்டு வருடம் ‘சலுகை’ என்றே கேட்டு வளர்ந்த பெண், வேலைக்குப் போன இடத்தில் வாய் திறந்து கேட்கக் கூசுகிறாள். நிறுவனமோ ‘வேலையைக் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்’ என்று புரிந்துகொள்கிறது. கேட்பது வேலைக்குறைப்பே அல்ல.

பொட்டலம் கட்டும் வேலையைப் பாருங்கள். பெட்டிக்கு 20 பொட்டலம். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞருக்கு எண்ணிக்கை தடுமாறும். 18-ம் வரும், 21-ம் வரும். ‘எண்ணத் தெரியாது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பலகையில் 20 கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒன்றாக வைத்து, பலகை நிறைந்ததும் பெட்டியில் போடச் சொன்னால் எண்ணவே வேண்டாம். பெட்டிக்கு அதே 20, தரமும் அதே. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேசையின் அடியில் முழங்கால் நுழைய ஏறக்குறைய 70 செ.மீ. உயரம் வேண்டும்; பெரும்பாலும் குறுக்கே நிற்பது ஓர் இழுப்பறை, அதைக் கழற்றினால் போதும். இதில் எங்கே இருக்கிறது சலுகை?

‘தகவமைப்பு’ என்று எழுதுபவர்களும் உண்டு. அழகான சொல், ஆனால் திசை தலைகீழ். பாலைவனத்துக்கு ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். இங்கே மாற வேண்டியது பணியிடம், வேலை செய்ய வந்தவர் அல்ல. ‘நியாயமான’ என்ற அடையும் சரியில்லை. அது நீதியையும் விலையையும் நினைவூட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘ரீசனபிள்’ இங்கே சுட்டுவது அளவை. தமிழில் அதற்குத் ‘தகு’ என்ற வேரே இருக்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்கிறோமே, அந்தத் தகுதி. ஆளுக்கும் பொருந்த வேண்டும், செய்பவரின் சக்தியையும் மீறக்கூடாது என்ற இரண்டும் அதில் அடக்கம்.

ஆகவே ‘தக்க ஏற்பாடு’. ஏற்ற, ஏற்ப என்ற சொற்களில் உள்ள பொருத்தம்தான் ‘ஏற்பாடு’ என்பதிலும் இருக்கிறது. படு என்பது பாடு என நீண்ட தொழிற்பெயர். ஏற்பாடு என்றாலே ‘யார் செய்வது?’ என்ற கேள்வி கூடவே வரும். சலுகையைக் கொடுப்பார்கள், ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பொதுவான சொல்லாயிற்றே என்று தயங்குபவர்களுக்கு: பிரிட்டனின் சட்டம் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற மிகச் சாதாரணச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது, யாரும் குழம்பவில்லை. சாய்தளம், மின்தூக்கி போல எல்லாருக்காகவும் முன்கூட்டியே அமைப்பதை மட்டும் இதனோடு சேர்க்காதீர்கள். அது தடையற்ற சூழல். தக்க ஏற்பாடு தனி ஆளுக்கானது. உச்ச நீதிமன்றமும் 2024-ல் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லியிருக்கிறது.

சொல்லாக்கம் செய்பவர்கள் அகராதியின் முதல் பொருளோடு எழுந்து போய்விடுவதுதான் எரிச்சல். மூலச் சட்டத்தின் வரையறையை ஒரு முறை படித்திருந்தால் தங்குமிடம் வந்திருக்காது. அப்படி மொழிபெயர்த்ததையும் பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோ, ஸ்கேன் செய்த படமாகவோ வெளியிடுகிறார்கள். யூனிகோடில் இல்லாத தமிழைத் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளாக உளறும். படமாக இருந்தால் வாயே திறக்காது. யாருக்காக எழுதினார்களோ அவர்களால் படிக்க முடியாத குறிப்பு.

பள்ளியில் கிடைத்த ஏற்பாடு பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. மாற்றுச் சான்றிதழில் அதற்கு இடமில்லை. பிளஸ் டூ முடியும் முன்பே ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ‘எனக்குத் தக்க ஏற்பாடுகள்’ என்று எழுதிவிடுவது நல்லது. எந்த ஏற்பாடு, எந்த வேலையில் பயன்பட்டது, இல்லாவிட்டால் என்ன தடங்கல் என்ற மூன்றும் போதும். நோயின் பெயரும் மருத்துவ வரலாறும் அதில் வேண்டாம். ‘உதவி தேவை’ என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. ‘வேலையை வாயால் சொல்வதோடு ஒவ்வொரு படியாக எழுதியும் கொடுக்க வேண்டும்’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் அன்றே செய்துவிடலாம்.

அரசு அலுவலகமானால் அதே சட்டத்தின் பிரிவு 20(2)-ஐக் காட்டிக் கேட்கலாம். தனியார் நிறுவனத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் சமவாய்ப்புக் கொள்கையும், அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழ் வந்த 2017-ம் ஆண்டு விதி. அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் ‘தக்க ஏற்பாடு’ என்று எழுதிப் பக்கத்திலேயே பிரிவு 2(ஒய்) என்று குறித்துவிட்டால், எந்தச் சொல்லின் தமிழ் அது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.