எண்டோஸ்கோபி நார்மல், சிடி ஸ்கேன்ல கட்டி: ரெண்டும் உண்மையா இருக்கலாம்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் இருந்து ஃபைலோட திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுற நம்ம ஆளுங்க கேக்குற கேள்வி இது. "அண்ணா, கேமரா விட்டு பாத்தப்ப ஒண்ணும் இல்லன்னாவ, இப்ப சிடில கட்டின்னு எழுதிருக்காவ, எத நம்ப?" ரெண்டையும் நம்பலாம்.

வழக்கமா வர்ற இரைப்பை கேன்சர் உள் சவ்வுல தொடங்கும், அதனால கேமரால புண்ணாவோ தடிப்பாவோ மாட்டிக்கும். அபூர்வமா வர்ற ஜிஸ்ட் கட்டி அப்படி இல்ல, அது சவ்வுக்கு அடியில இருக்குற தசை லேயர்ல, குடல் அசைவுக்கு தாளம் போடுற காஹால் செல்களோட வகையில இருந்து வருது, வெளிப்பக்கமா வளந்துச்சுன்னா உள்ள சவ்வு வழவழன்னு அப்படியே இருக்கும், கேமரா என்ன செய்யும் பாவம். சிலருக்கு மேல இருக்குற சவ்வு புண்ணாகி ரத்தம் கசியும், மலம் கறுப்பா போகும், அப்பதான் விஷயமே வெளிய வரும்.

சிடிக்கு முன்னாடி தண்ணி குடிக்க சொல்றது சும்மா இல்ல. சுருங்குன இரைப்பைல மடிப்பு கூட கட்டி மாதிரி தெரியும், விரிஞ்சாதான் சுவர் தெளிவா தெரியும். அப்புறம் நரம்புல கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்துவாங்க, ரத்த ஓட்டம் உள்ள இடம் வெளுப்பா வரும். சின்ன ஜிஸ்ட் உருண்டையா ஒரே சீரா இருக்கும். பெருசுன்னா ஓரம் வெளுப்பு, நடுவுல கறுப்பு, ஏன்னா நடுவுல திசு செத்துப்போயிருக்கும். பக்கத்துல நெறி பெரும்பாலும் கட்டாது, பரவுனா கல்லீரலுக்கும் வயித்து உறைக்கும்தான் போகும்.

சிடில ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட்னு ஒரு நம்பர் உண்டு, தண்ணி 0, காத்து -1000, கொழுப்பு -100 பக்கம். ஜிஸ்ட் மாதிரியே சவ்வுக்கு அடியில வர்ற வேற கட்டிகளும் உண்டு. கட்டி முழுக்க கொழுப்போட நம்பர் காட்டுனா அது லைப்போமாங்குற கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் பயாப்சியே வேண்டாம். குளோமஸ்னு இன்னொரு கட்டி, கான்ட்ராஸ்ட் மருந்து தமனில ஓடுற முதல் கட்டத்துலயே (தமனி ஃபேஸ்) பளிச்சுன்னு ஒளிரும். நரம்பு உறையில இருந்து வர்ற ஷ்வான்னோமா தான் ஆள ஏமாத்தும், சாதுவான கட்டி, ஆனா செல்லு சர்க்கரை இழுக்குறத காட்டுற பெட் ஸ்கேன்ல பளபளக்கும், பக்கத்து நெறியும் வீங்கியிருக்கலாம், பாத்தவங்க கேன்சர் பரவிடுச்சுன்னே பயந்துடுவாங்க. அதனால படத்த மட்டும் வச்சு பேர் சொல்லிட முடியாது, எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட்ல எந்த லேயர்னு பாத்து ஊசியில திசு எடுத்து ஜிஸ்ட்டோட அடையாளமான கிட் புரதம் இருக்கான்னு சோதிக்கணும்.

ஜிஸ்ட்டுக்கு குடுக்குற இமாட்டினிப் மாத்திரை ஆரம்பிச்சவங்க ஒண்ணு கவனிங்க. முதல் ஸ்கேன்ல கட்டியோட அளவு குறையாம இருக்கலாம், சில சமயம் பெருசாகவும் செய்யும், அத பாத்து மனசு விட்டுறாதீங்க. உள்ள செல்லு செத்து நீர் கோக்கும்போது ஹவுன்ஸ்ஃபீல்ட் நம்பர்தான் முதல்ல விழும். 10 சதவீதம் சுருங்குனாலோ, இல்ல அந்த நம்பர் 15 சதவீதம் குறைஞ்சாலோ மருந்து வேலை செய்யுதுன்னு எடுத்துக்குற அளவுகோல் சோய் கிரைட்டீரியா, 2007ல வந்தது. ரிப்போர்ட் பேப்பர்ல அந்த நம்பர் இல்லாம போகலாம், அதனால பழைய ஸ்கேனோட டிஸ்க்கயும் கூட கொண்டு போங்க, டாக்டர் அதுல இருந்து அளந்துக்குவாங்க.