"எவ்வளவு போச்சு" என்று முதலில் கேட்காதீர்கள்

"மேடம், அவுக மறுபடியும் ஆடிட்டாக."

ஜூன் கடைசியில் ஓர் இரவு போனில் இதைச் சொன்னவர் ராமேஸ்வரம் தீவில் ஒரு விசைப்படகு ஓட்டுநரின் மனைவி. அழவில்லை, அழுது முடித்த குரல். கணவர் போனில் பந்தயம் கட்டி 18,500 ரூபாய் போனதையும் அவரே சொல்லிவிட்டார். நான் கேட்டது வேறு. "எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டீங்களாம்மா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நேத்துதான் மேடம், படகுப் பங்குப் பணம் கைக்கு வந்த பொறகு" என்றார்.

நேற்றாக இருக்காது என்று அப்போதே தெரியும். இந்தக் கடற்கரையில் மனநல ஆலோசகராக இருக்கும் இத்தனை வருடத்தில், விட்ட சூதாட்டத்துக்குத் திரும்பும் சறுக்கல் பணம் கட்டிய அன்றே தொடங்கி நான் பார்த்ததில்லை. பணம் கட்டியது நேற்றாக இருக்கலாம், தொடங்கியது பத்து நாளோ இருபது நாளோ முன்னால் இருக்கும், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பார்க்கிற குடும்பம் அடுத்த முறை முந்திக்கொள்கிறது, போன தொகையை மட்டும் திரும்பத் திரும்பப் பேசும் வீட்டில் ஆடுகிறவர் அடுத்த தடவை அந்தத் தொகையைக் குறைத்துச் சொல்லத்தான் கற்றுக்கொள்கிறார். (இருவரும் சம்மதித்த பிறகு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.)

அவர் மூன்று வருடம் போனில் ரம்மி ஆடியவர், பிறகு கிரிக்கெட் பந்தயம். மனைவியின் நகை அடகுக்குப் போனது, குழுக்கடன் போனது, படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணமும் போனது. போன அக்டோபரில் நிறுத்தினார். எட்டு மாதம் ஒரு ரூபாய் கட்டவில்லை. நாங்கள் எல்லோரும் பயந்தது மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துத்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும், வேலை இருக்காது, நாள் முழுக்கக் கையில் போன் இருக்கும். அதை அவர் தாண்டிவிட்டார். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறியதும் எடுத்து அப்படியே மனைவி கையில் கொடுத்தார். நானும் அங்கேதான் அசந்துவிட்டேன். ஜூன் 10 அன்று வர வேண்டியவர், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை இருக்கிறது என்று சொன்னபோது வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன்.

சறுக்கிய பிறகு அவர் வந்தபோது, மேஜையில் இருந்த மாதக் காலண்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஆடிய நாளில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போகச் சொன்னேன். 24 அன்று பணம் கட்டினார். 22 அன்று வந்த பங்கில் 500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. 17 அன்று பழைய பந்தயக் குழு ஒன்றில் போனில் மறுபடி சேர்ந்தார், "ஸ்கோர் பாக்கத்தான் மேடம்." விரல் 12இல் நின்றது. அன்று சம்மாட்டி கூப்பிட்டு, தடை முடிந்து கடலுக்குப் போனதும் முன்பணத்தை மாதாமாதம் பங்கில் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சுதான். ஆனால் முன்பணத்தில் இன்னும் பாக்கி இருப்பது வீட்டுக்குத் தெரியாது, அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவர் அமுக்கிக்கொண்டார். பந்தயம் 24இல், சறுக்கல் 12இல். அந்தப் பன்னிரண்டு நாளில் எந்த நாளில் யாரிடம் வாயைத் திறந்திருந்தாலும் 24 வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் மற்றவர்களிடமும் சொல்லி வருகிறேன். கடலுக்குப் போகும்போது போனை இரண்டு பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்துவிடுவார். "நடுக்கடல்ல எனக்கு அந்த நெனப்பே வராது மேடம். கரை வெளக்கு தெரியுறப்ப டவர் ஒண்ணு ஒண்ணா ஏறும் பாருங்க, அப்பதான் உள்ளங்கை வேர்க்கும்." பையைப் பிரிக்கும் சத்தமே போதுமாம்.

இதில் மன உறுதிக் குறைவு என்று ஒன்றும் இல்லை. மூளையில் டோபமின் என்கிற வேதிப்பொருள் பரிசு கையில் விழும்போதைவிட, பரிசு வரப்போகிறது என்கிற அறிகுறி தெரியும்போது அதிகம் சுரக்கிறது, அதுவும் வருமா வராதா என்று தெரியாத பரிசு என்றால் பிடி இன்னும் இறுகும். மயிரிழையில் தோற்பதையும் மூளை ஏறக்குறைய ஜெயித்த கணக்கில்தான் எடுத்துக்கொள்கிறது, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் மூளை ஸ்கேன் வைத்தே இதைக் காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. (ஒரு சின்ன விஷயம். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பும். அந்த மாத்திரை சாப்பிடும் அப்பா திடீரென்று லாட்டரிச் சீட்டின் பின்னால் போனால் திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

உள்ளங்கையை வேர்க்க வைக்கும் அந்த ஆசை அரை மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் நிற்காது. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அலையைப் பற்றி ஒரு கடல்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவர்தான் எனக்குச் சொன்னார்: "கச்சான் காத்து ஏறுறதுக்கு முன்னாடியே தென்கடல்ல கெடக்குற படக வடகடலுக்கு மாத்திருவோம்ல, காத்து அடிக்க ஆரம்பிச்ச பொறகு மாத்த முடியாது." கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. அது ஏறுவதற்கு முன்பே இடம் மாறுவது, அவருடைய சிகிச்சையில் பாதி வேலை அதுதான்.

சத்தியம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் மாட்டிக்கொண்டதும் முதலில் வாங்குவது சத்தியம். பிள்ளை தலையில் அடித்து, ஓரியூர் கோவிலில் முட்டி போட்டு, அக்னி தீர்த்தத்தில் முழுகி. நம்பிக்கை இருக்கட்டும், அது பலருக்குப் பெரிய பலம், அதில் நான் கை வைக்கவில்லை. என் பயம் அடுத்த கட்டத்தில்தான். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் ஒரு நாள் 200 ரூபாய் கட்டிவிட்டால், அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்றே நம்புகிறார். மறைக்கிறார். "சத்தியமே போச்சு, இனி என்ன" என்று மிச்சத்தையும் போடுகிறார். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் போதைப் பழக்கங்களில் விரிவாக எழுதியது இதைத்தான்: ஒரு தடவை தவறுவது வேறு, பழைய வாழ்க்கைக்கே திரும்பிப் போவது வேறு, இரண்டுக்கும் நடுவில் நிற்பது "எல்லாம் போச்சு" என்கிற அந்த நினைப்பு. 24 அன்று நடந்ததும் மறைக்கப் போய்த்தான். முதலில் கட்டியது 200 ரூபாய், அது 1,800 ஆனது. தோற்றிருந்தால்கூட நிறுத்தியிருப்பார் என்கிறார். அந்த 1,800ஐ வைத்து முன்பணப் பாக்கியை அடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியிருக்கிறது, விடிவதற்குள் 18,500 போய்விட்டது. அதனால் சத்தியம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஆடமாட்டேன் என்று வாங்காதீர்கள், ஆடினால் அன்றைக்கே சொல்வேன் என்று வாங்குங்கள்.

கடனை வீடு அடைப்பது அடுத்த சிக்கல். கீழக்கரையில் ஓர் உம்மா மூன்று தடவை அடைத்தார், மூன்று தடவையும் "வாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றுதான். வாப்பா சவுதியில், அனுப்புகிற பணம் மகன் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கடன் சுத்தமாக அடைந்த மாதமே பையன் மறுபடி தொடங்கினான், ஏனென்றால் அவன் தலையில் பாரமும் இல்லை, அவனிடம் கேட்க ஆளும் இல்லை. பெற்ற மனம் பதறுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் யார் யாருக்கு எவ்வளவு என்று அவன் கையாலேயே ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள், கந்துவட்டி, லோன் ஆப் எல்லாம் சேர்த்து. பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கடன்காரரிடம் நேரே கொடுங்கள், மொத்தமாக வேண்டாம், மாதம் இவ்வளவு என்று அவன் சம்பாத்தியத்திலிருந்தே போகட்டும். அந்த வீட்டில் இப்போது பணம் உம்மா கணக்குக்கு வருகிறது. வாப்பாவுக்கும் தெரியும். போனில் அவர் கத்தினார், அடுத்த வாரம் மகனிடம் ஒரு மணி நேரம் பேசினார்.

சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. நல்லதுதான், விளம்பரம் குறைந்தாலே பலருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் ஆப் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று விட்டுவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் சிலர் வெளிநாட்டுச் செயலிகளுக்கும், எந்த நிறம் வரும் என்று பணம் கட்டும் கலர் டிரேடிங்குக்கும் மாறியிருக்கிறார்கள், சிலர் போனிலேயே நடக்கும் மூணு நம்பர் லாட்டரிக்கு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே ஒழிக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கியது தெரியும் அந்த ராத்திரி பற்றி. அன்றைக்கு ஆளைத் தனியாக விடாதீர்கள். சூதாட்டத்தில் மாட்டியவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம், வீட்டுக்குத் தெரிந்துபோன முதல் சில நாட்கள் மோசமானவை. "சாகணும்னு தோணுதா" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ சந்தேகமாக இருந்தாலோ 14416க்கு அழையுங்கள், அரசின் டெலி மானஸ் எண், இரவிலும் தமிழில் பேசுவார்கள். 104லும் பேசலாம். அல்லது நேரே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். மனச்சோர்வோ குடியோ சேர்ந்திருந்தால் மருந்து பெரும்பாலும் உதவும், சிலருக்கு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோனும் கொடுப்பதுண்டு. அறையில் பூட்டி வைப்பதும் கட்டி வைப்பதும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியை அறுக்க முடியாமல் 28 பேர் செத்தார்கள், நம் கரையில் நடந்தது அது. துவா வேண்டுமென்றால் துவாவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்.

அந்த ஓட்டுநர் விஷயத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். சம்மாட்டியிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போய்ப் பேசினார்கள், டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு இப்போது மனைவி கணக்குக்கு வருகிறது, முன்பணக் கழிவு எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். வங்கியில் சொல்லி யுபிஐ வரம்பைக் குறைத்தார். போன் கடலில் மச்சானிடம் இருக்கிறது, அவரும் அதே படகில்தான் போகிறார், வீட்டு வாசலில்தான் திருப்பிக் கொடுப்பார். மச்சான் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது, பையை வைத்திருப்பதோடு சரி என்று அவரிடமும் பேசினேன். படகு போகாத மற்ற நாட்களின் மாலை நேரம்தான் இன்னும் இடிக்கிறது, அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் இருவரும் வந்தார்கள். இடையில் ஒரு நாள் பந்தயக் குழுவிலிருந்து புது எண்ணில் அழைப்பு வந்திருக்கிறது, அவர் அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மனைவி என்ன கேட்டார் என்று கேட்டேன்.

"எப்ப வந்துச்சுன்னு கேட்டேன் மேடம். அப்புறம் ரெண்டு பேரும் கடற்கரைப் பக்கம் போய் உக்காந்துட்டு, இருட்டுனதும் வந்தோம்."