கடைசிப் பக்கத்தில் யார் கையெழுத்து?

போன வாரம் ஒருவர் மஞ்சள் பை நிறையப் பத்திரங்களோடு வந்தார். தம்பி தன் பங்கு நிலத்தை விற்கப் போகிறாராம், தடுக்க வேண்டுமாம். புரட்டினால், சொத்தைப் பிரித்துக்கொண்டாகிவிட்டது என்று 1998-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம், இவர் கையெழுத்தோடு! "தெரியும் சார். தோத்தாலும் பரவாயில்லை, கேஸ் இருந்தா எவனும் வாங்க வரமாட்டான்ல?" இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

முடியாது என்றேன். போகிற போக்கில் என் குமாஸ்தாவிடம், "பொய் சொல்லத் தெரியாதவர் எதுக்கு வக்கீலானார்?" என்று கேட்டாராம்.

'வக்கீல்னாலே பொய்தான்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, பிராதின், அதாவது வழக்குப் போடக் கோர்ட்டில் கொடுக்கும் மனுவின், கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். இதில் கண்டவை உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது வாதி. 2002-லிருந்து கூடவே பிரமாணப் பத்திரமும் கேட்கிறார்கள். அதில் தெரிந்தே பொய் சொன்னால் 7 ஆண்டு வரை சிறை. உள்ளே போவது வக்கீல் இல்லை. கூண்டில் நிற்பதும் நீங்கள்தான். குறுக்கு விசாரணையில் பதில் வராமல் என் முகத்தைப் பார்த்தால் நான் என்ன செய்ய? அந்த நேரத்தில் எனக்கு ஃபைலைப் புரட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. சாதாரண சிவில் வழக்கில், பொய் வழக்கு என்று தெரிந்தும் சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ பிரிவில் எதிராளிக்கு வாங்கித்தரக் கூடியது அதிகபட்சம் 3,000 ரூபாய். அந்தத் தைரியம்தான். தம்பிக்கோ வருஷக்கணக்கில் அலைச்சல்.

எங்களில் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன். கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள், வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி அதைத் தடுக்கிறது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.

வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிராது ஆங்கிலத்தில் இருந்தால் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். அடுத்த வாய்தா தேதியை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், தயவுசெய்து எங்களிடம் எதையும் மறைக்காதீர்கள். அந்தப் பழைய பத்திரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டும்போதுதான் நான் முதல்முறை பார்க்க வேண்டுமா?

தம்பியோடு பேசத்தான் வேண்டும் என்றால் சமரச மையம் இருக்கிறது. வழக்குப் போட்ட பிறகும் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.