மறைத்த பெட்டியைப் படிவம் ஏன் கேட்கிறது?

கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இருக்கிறது, கடைக்கு அதோடு சேர்ந்து இயங்கும் வூகாமர்ஸ். பணம் கட்டும் பக்கத்தில் முதல் பெயருக்கு ஒரு பெட்டி, கடைசிப் பெயருக்கு ஒரு பெட்டி. அவரிடம் வாங்குபவர்களில் பலருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. சிலர் இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், இன்னும் சிலர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்கிறார்கள். பார்சலில் ஒட்டும் சீட்டில் அந்தப் புள்ளியும் சேர்ந்தே அச்சாகிறது. யாரோ சொல்லிக்கொடுத்தபடி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்து இரண்டாவது பெட்டியை மறைத்தார். பெட்டி மறைந்தது, ஆர்டர் மட்டும் போகவில்லை. கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. கண்ணுக்கே தெரியாத பெட்டியைப் படிவம் எப்படிக் கேட்கிறது என்பது அவர் கேள்வி.

அவர் மாற்றியது பிரவுசரில் தெரியும் தோற்றத்தை மட்டும். எது கட்டாயம், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் இடம் தளம் ஓடும் கணினியான சர்வரில் இருக்கிறது. அங்கே சிஎஸ்எஸ்ஸுக்கு வேலையே இல்லை.

அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். பிரவுசர் கேட்கிறது, சர்வர் ஒரு பக்கத்தை, பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் தருகிறது. நிரப்பி அனுப்பினால் பெட்டியின் பெயரும் அதில் எழுதியதும் சோடி சோடியாகச் சர்வருக்குத் திரும்புகின்றன. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே இந்த ஏற்பாடு உண்டு. மறைத்து வைத்த பெட்டியும் இப்படித்தான் திரும்பிப் போகிறது, வெறுமையாக.

இனிதான் சுவாரசியம். பக்கத்தை அனுப்பிவிட்ட சர்வர், என்னென்ன பெட்டிகளை வரைந்து அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கூடையில் எத்தனை சேலை இருக்கிறது என்பதைக் குறித்து வைத்திருக்கும், படிவத்தின் அமைப்பை வைத்திருக்காது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில் நிரல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறந்து, பதில் சொன்னதும் முடிந்துபோகிறது. அப்படியானால் நிரப்பிய படிவம் வந்து சேரும்போது அதைச் சரிபார்ப்பது எப்படி? அதே படிவத்தை முதலிலிருந்து மறுபடி தயாரித்து, வந்திருக்கும் விவரங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

தயாரிப்பது என்றால் எச்டிஎம்எல் எழுதுவது என்று நினைக்க வேண்டாம். முதலில் உருவாவது ஒரு பட்டியல். 'பில்லிங்' என்ற தலைப்பின் கீழே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறிப்பு: அதன் லேபிள் என்ன, கட்டாயமா, அகலம் பாதியா முழுதா, எத்தனையாவதாக வர வேண்டும். முதல் பெயருக்கு வரிசை எண் 10, கடைசிப் பெயருக்கு 20, நிறுவனத்துக்கு 30 என்று பத்துப் பத்தாக இடைவெளி விட்டு எண் கொடுத்திருக்கிறார்கள், நடுவே நாம் எதையாவது நுழைக்க வசதியாக. படிவத்தை வரையும் டெம்ப்ளேட் கோப்பு இந்தப் பட்டியலைப் படித்துத்தான் பெட்டிகளை வரைகிறது. ஆர்டர் வந்ததும் சரிபார்க்கும் நிரலும் இதே பட்டியலைத்தான் படிக்கிறது. வாசகியின் சிஎஸ்எஸ் வரி வரைந்து முடித்த பெட்டியை மறைத்தது. பட்டியலில் 'கட்டாயம்' என்ற குறிப்பு அப்படியே இருந்தது.

ஆக, திருத்த வேண்டியது பட்டியலை. அதை வூகாமர்ஸின் கோப்புகளைத் தொடாமலே செய்யலாம் என்பதுதான் இந்த மென்பொருள்களில் எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

பட்டியல் தயாரானதும் வூகாமர்ஸ் அதை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. 'வூகாமர்ஸ்_செக்அவுட்_ஃபீல்ட்ஸ்' என்று ஒரு பெயரைச் சொல்லி, இதில் யாருக்காவது திருத்தம் உண்டா என்று கேட்கிறது. இதற்கு ஃபில்டர் ஹுக் என்று பெயர். வேர்ட்பிரஸின் நினைவகத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஹுக்கின் பெயர், அதன் கீழே ஒரு முன்னுரிமை எண், எண்ணின் கீழே ஃபங்ஷன்களின், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளின், பெயர்கள். ப்ளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) தீமும் (தளத்தின் தோற்றத்துக்கான கோப்புத் தொகுப்பு) ஏற்றப்படும்போது, இந்த ஹுக் கூப்பிட்டால் என் ஃபங்ஷனையும் அழை என்று தங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகின்றன. அந்த நேரத்தில் எதுவும் ஓடுவதில்லை, பெயர் மட்டும் பதிவாகிறது. பிறகு படிவம் தேவைப்படும் நொடியில் ஹுக் கூப்பிடப்படுகிறது. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை ஒவ்வொரு ஃபங்ஷனாக அழைக்கப்படுகிறது. முதலாவது திருப்பித் தருவது இரண்டாவதின் கைக்குப் போகும், அது தருவது மூன்றாவதுக்கு. கடைசியாக மிஞ்சுவதுதான் படிவம்.

தாலுகா அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குறிப்பெழுதி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். நடுவில் ஒருவர் தள்ளாமல் விட்டுவிட்டால் அடுத்த மேசைக்கு வருவது வெறுங்கைதான். ஃபில்டரிலும் அதேதான். ஃபங்ஷனின் கடைசியில் 'ரிட்டர்ன்' எழுதாமல் விட்டால் பட்டியல் முழுவதும் காணாமல் போய், பணம் கட்டும் பக்கத்தில் பெட்டிகளே இருக்காது. படிவம் திடீரென்று காலியாகிவிட்டது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

முன்னுரிமை எண் எதுவும் சொல்லாவிட்டால் 10 என்று எடுத்துக்கொள்ளும். ஒரே எண்ணில் பலர் இருந்தால் முதலில் பதிந்தவர் முதலில். கூரியர் ப்ளக்இன் ஏதாவது 20இல் வந்து கடைசிப் பெயரை மறுபடி கட்டாயமாக்கினால், 10இல் நாம் செய்த திருத்தம் அடிபட்டுப் போகும். நம்முடையதை 99இல் பதிந்துவிட்டால் கடைசிப் பேச்சு நம்முடையதாக இருக்கும். இந்த ஏற்பாட்டின் ஆரம்ப வடிவம் 2004இல் வேர்ட்பிரஸ் 1.2இல் வந்தது. 2016 டிசம்பரில் 4.7 பதிப்பு அதன் உட்புறத்தைத் திருத்தி எழுதியது. ஒரு ஹுக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் இன்னொரு ஃபங்ஷன் பதிவானாலும் குழப்பம் வராமல் இருக்க அந்தத் திருத்தம் தேவைப்பட்டது. ப்ளக்இன்களைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. உள்ளே இவ்வளவு பெரிய வேலை நடந்தும் வெளியே பெரிதாக ஒன்றும் உடையாமல் பார்த்துக்கொண்டார்களே, அந்தப் பொறுப்புணர்வை மனதாரப் பாராட்டுகிறேன்.

வாசகிக்கு என் யோசனை, கடைசிப் பெயரை அடியோடு நீக்க வேண்டாம். சில பேமென்ட், கூரியர் ப்ளக்இன்கள் அந்தப் பெயரில் ஒரு பெட்டி இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. பட்டியலில் கடைசிப் பெயருக்கான 'பில்லிங்_லாஸ்ட்_நேம்' குறிப்பில் கட்டாயம் என்பதை இல்லை என்று மாற்றி, லேபிளை 'இனிஷியல்' என்று வைத்தால் போதும். கட்டாயமில்லை என்றானதும், விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற குறிப்பை லேபிளுக்குப் பக்கத்தில் வூகாமர்ஸே சேர்த்துவிடும். முதல் பெயரின் லேபிளை வெறும் 'பெயர்' என்று ஆக்கலாம். இனிஷியல் முன்னால் வர வேண்டுமானால் அதன் வரிசை எண்ணை 10க்குக் கீழே கொண்டுபோய், பாதி அகலத்தில் இடது, வலது என்று பெட்டியின் இடத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் வகுப்புப் பெயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆனால் முகவரிச் சீட்டில் பெயர் முன்னும் இனிஷியல் பின்னும்தான் அச்சாகும். முகவரியைக் கோத்து எழுதும் இடம் வேறு, அதற்கு ஒரு தனி ஃபில்டர் இருக்கிறது.

எழுதும் நிரலை வூகாமர்ஸின் கோப்புறைக்குள் வைக்கவே கூடாது. அடுத்த அப்டேட்டில் அந்தக் கோப்புறை மொத்தமாக மாற்றப்படும், உங்கள் வரிகளும் அதோடு போய்விடும். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் வைத்தால் தீம் மாற்றும் நாளில் போகும். ஒரே கோப்புள்ள சிறிய ப்ளக்இன்னாக வைப்பதுதான் நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல் புதிய கடைகளில் பணம் கட்டும் பக்கம் பிளாக்குகளால், அதாவது எடிட்டரில் அடுக்கும் துண்டுகளால், ஆனது, அதற்கு இந்த ஃபில்டர் பொருந்தாது. பக்கத்தை எடிட்டரில் திறந்து, பிளாக் என்றால் கிளாசிக் வடிவத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகே இதைச் செய்ய முடியும்.

பெயர்ப் பெட்டியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்பது உலகின் ஒரு பகுதியின் வழக்கம் மட்டுமே. இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்களான சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாந்தின் பெயர் வெறும் தாந்த்தான், 'ஊ' என்பது மரியாதைச் சொல். இவர்களில் யாரும் அந்தச் சேலைக் கடையில் சிவப்புச் செய்தியைத் தாண்டியிருக்க முடியாது. பொதுப் பணத்தில் தளம் கட்டும் எந்தத் துறையும் அழகான முகப்புக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கை, நம் மக்களின் பெயர்களும் முகவரிகளும் படிவத்தில் சரியாக உட்காருகின்றனவா என்று சோதிக்க ஒதுக்க வேண்டும். கடைசிப் பெயர் இல்லாதவர் பொய்ப் பெயர் ஒன்றை எழுதித்தான் சேவை பெற முடியும் என்பது அநியாயம்.

தோற்றத்தை மாற்ற வேண்டும் என்றால் டெம்ப்ளேட்டுக்குப் போகலாம். ஒரு பக்கம் கேட்கப்பட்டால் வேர்ட்பிரஸ் குறிப்பானதிலிருந்து பொதுவானதை நோக்கித் தேடிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்தின் பெயரிலேயே கோப்பு இருக்கிறதா, அதன் எண்ணில் இருக்கிறதா, 'பேஜ்' என்று இருக்கிறதா, 'சிங்குலர்' என்று இருக்கிறதா, எதுவும் இல்லையென்றால் 'இண்டெக்ஸ்'. ஒரு தீமை மூலமாக வைத்து நம் திருத்தங்களைத் தனியே வைத்திருப்பது சைல்ட் தீம், அந்த மூலம் பேரண்ட் தீம். ஒவ்வொரு பெயருக்கும் சைல்ட் தீமில் முதலில் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் பேரண்ட் தீமில் பார்க்கும். சைல்ட் தீமில் உள்ள பொதுவான கோப்பை, பேரண்ட் தீமில் உள்ள குறிப்பான கோப்பு முந்திவிடும். மாற்றம் தெரியவில்லையே என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வூகாமர்ஸின் டெம்ப்ளேட்டுகளையும் தீமுக்குள் நகலெடுத்துத் திருத்தலாம். ஆனால் நகல் எடுத்த நாளோடு அது உறைந்துவிடும். மூலத்தில் பின்னர் செய்யும் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் நகலுக்கு வராது. பழசாகிப்போன நகல்கள் எவை என்பதை வூகாமர்ஸின் ஸ்டேட்டஸ் பக்கம் காட்டும். ஒரு பெட்டியின் லேபிளை மாற்றுவதற்காக டெம்ப்ளேட்டை நகலெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

படிவத்தைப் பட்டியலாக வைத்திருக்கும் இந்த எண்ணத்தை, தளம் கட்டும் இன்னொரு மென்பொருளான ட்ருபல் இன்னும் தூரம் கொண்டுபோனது. அங்கே எல்லாப் படிவமும் ஒரு பெரிய பட்டியல். மாட்யூல்கள் (ட்ருபலின் ப்ளக்இன்கள்) 'ஃபார்ம் ஆல்ட்டர்' ஹுக்கில் அதைத் திருத்தலாம். கீழிறங்கு பட்டியலில் நான்கு ஊர்கள் கொடுத்திருந்தால், பிரவுசரில் தில்லுமுல்லு செய்து ஐந்தாவது ஊரை அனுப்பினாலும் ட்ருபல் ஏற்காது. மறுபடி தயாரித்த பட்டியலில் அந்த ஊர் இல்லையே! பட்டியலில் # என்று தொடங்கும் பெயர்கள் குணங்களைக் குறிக்கும். லேபிள், வகை, கட்டாயம் எல்லாம் அப்படித்தான் எழுதப்படும். இந்த ஃபங்ஷனை அழை என்று சொல்லும் குணங்களும் அவற்றில் உண்டு.

ஆபத்து அங்கிருந்துதான் வந்தது. வெளியாள் அனுப்பும் விவரத்தின் பெயரே # என்று தொடங்கினால்? சில இடங்களில் அது பட்டியலுக்குள் நுழைந்து, ட்ருபல் தானே எழுதிய குணம்போல மதிக்கப்பட்டது. கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாமல் யார் வேண்டுமானாலும் சர்வரில் தங்கள் நிரலை ஓட்ட முடிந்தது. ட்ருபலின் பாதுகாப்புக் குழு நேரம் ஒதுக்கிக் காத்திருங்கள் என்று ஒரு வாரம் முன்பே எச்சரித்துவிட்டு, 2018 மார்ச் 28 அன்று 7.58, 8.5.1 பதிப்புகளில் திருத்தத்தை வெளியிட்டது. கோரிக்கை உள்ளே வந்தவுடன், எந்தப் படிவமும் தயாராகும் முன்பே, # என்று தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் களைந்துவிடுகிறது அந்தத் திருத்தம்.