கேஸ்ல இருந்து படலம் வளக்கறது எப்படி, அதுல பிளாஸ்மாவுக்கு என்ன வேலை

சோலார் செல் நீலமா தெரியுதுல்ல, அது சிலிக்கானோட கலர் இல்ல, அதுக்கு மேல இருக்குற சிலிக்கான் நைட்ரைடு படலத்தால வர்றது. தடிமன் சுமார் 75 நானோமீட்டர், அதாவது தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு. இத யாரும் பூசல. காத்த உறிஞ்சி எடுத்த ஒரு சேம்பருக்குள்ள சைலேன் (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேந்த கேஸ்), அம்மோனியா (நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேந்தது)ன்னு ரெண்டு கேஸ விட்டா, அதுங்க உடைஞ்சு செல் மேலயே திடப்பொருளா வளருது. இதுக்குப் பேரு சிவிடி, வேதி ஆவிப் படிவு.

உடைக்கறதுக்கு எனர்ஜி வேணும். வெறும் சூட்டுலயே பண்ணணும்னா 700, 800 டிகிரி தேவைப்படும், ஆனா சிப்ல ஏற்கனவே அலுமினியம் லைன் போட்டாச்சுன்னா அது 660 டிகிரியிலயே உருகிடும், அப்ப என்ன பண்றது? இங்கதான் பிளாஸ்மா, அதாவது கேஸோட அணு, மூலக்கூறுல இருந்து எலக்ட்ரான் பிரிஞ்சு, எலக்ட்ரானும் மின்னூட்டம் உள்ள அயனியும் கலந்து கிடக்குற நிலை. ரெண்டு தட்டுக்கு நடுவுல ரேடியோ அலைவரிசை கரன்ட் (பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ்) குடுத்தா, எடை கம்மியா இருக்குற எலக்ட்ரான் மட்டும் அதோட சேந்து வேகமா ஓடும், கனமான அயனிகளால அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது. எலக்ட்ரானோட வெப்பநிலைன்னு கணக்கு போட்டா பத்தாயிரம் டிகிரிக்கு மேல போகும், ஆனா பக்கத்துல இருக்குற கேஸ் அவ்ளோ சூடாகறதே இல்ல, ஏன்னா எலக்ட்ரான் மூலக்கூறு மேல மோதி தெறிக்கும்போது குடுக்குற சூடு ரொம்ப கம்மி. ஆனா பிணைப்ப உடைக்க அந்த மோதலே போதும். ஒரே இடத்துல இப்படி ரெண்டு வெப்பநிலை இருக்கறதுதான் இந்த மொத்த டெக்னிக்கோட உயிர்னு நான் சொல்லுவேன். 300, 400 டிகிரியில வேலை முடிஞ்சிடுது.

இப்படி வளந்த படலத்துல ஹைட்ரஜன் நிறைய மாட்டிக்கும். சில இடத்துல அது தொல்லை, ஆனா சோலார் செல்லுல அதுவே வரம், சிலிக்கான்ல துணையில்லாம நிக்கிற பிணைப்புகள அந்த ஹைட்ரஜன் போய் அடைச்சிடும், கரன்ட் வீணாகறது குறையும்.

ஹைட்ரஜனோட திறமைய முழுசா பாக்கணும்னா வைரப் படலத்துக்கு வரணும். ஹைட்ரஜன்ல சில சதவீதம் மட்டும் மீத்தேன் கலந்து, மைக்ரோவேவ்ல பிளாஸ்மா ஆக்கி, சுமார் 800 டிகிரி சூட்டுல இருக்குற தட்டு மேல கார்பன படிய விடுவாங்க. குறைஞ்ச அழுத்தத்துல கார்பன் இயல்பா கிராஃபைட்டாதான் ஆகணும், ஆனா தனி அணுவா உடைஞ்ச ஹைட்ரஜன் கிராஃபைட்ட சட்டுனு அரிச்சு எடுத்துடும், வைரத்த அவ்ளோ சுலபமா தொடாது. அதனால மிஞ்சறது வைரம். வளர்ச்சி பெரும்பாலும் மணிக்கு சில மைக்ரோமீட்டர்தான், அவசரப்பட்டு மீத்தேன கூட்டிட்டே போனா கிராஃபைட் நடுவுல கலக்க ஆரம்பிச்சிடும்.