பாலிப்: சவ்வுமுளை

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் வரும் ‘பாலிப்’ என்ற சொல் வடிவத்தை மட்டுமே சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை. கிரேக்கத்தில் ‘பொலு’ என்றால் பல, ‘பூஸ்’ என்றால் கால். கணவாய், ஆக்டோபஸ் போன்ற பலகால் உயிரிகளுக்கு வழங்கிய இப்பெயரைப் பண்டைய மருத்துவர்கள் மூக்கினுள் வளரும் சதைக்கும் வைத்தார்கள். பின்னர் குடல், கருப்பை, இரைப்பை என எங்கும் பரவியது.

தமிழில் ‘தொங்குதசை’ என்கிறார்கள். இது பொருந்தாது. காம்பில்லாமல் அகன்று உட்கார்ந்திருக்கும் பாலிப்புகளும் உண்டு. இரைப்பையில் பெரும்பாலானவை தசையிலிருந்து அல்ல, உட்புறச் சளிச்சவ்விலிருந்து எழுபவை. ‘கட்டி’ என்றாலோ நோயாளி புற்றுநோயைத்தான் நினைப்பார். மூலநோயில் வரும் புடைப்பை ‘மூலமுளை’ என்று ஏற்கெனவே வழங்குவதால், ‘சவ்வுமுளை’ என்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

இரைப்பையில் வரும் முளைக்குத் தொடர் கண்காணிப்பு தேவையா என்பதை முடிவுசெய்வது அதன் திசுவகை. அமிலக்குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்களிடம் இரைப்பையின் மேற்பகுதியில் சிறிதும் பலவுமாகக் காணப்படும் சுரப்பிமுளைக்கு (‘ஃபண்டிக் கிளாண்ட் பாலிப்’), திசுவில் பிறழ்வு, அதாவது புற்றுக்கு முந்தைய மாற்றம், இல்லையென்றால், பொதுவாகத் தொடர் எண்டோஸ்கோப்பி வேண்டியதில்லை. 1 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ 20க்கு மேல் இருந்தாலோ அந்த மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். பரம்பரைக் குடல்முளை நோய் உள்ளவர்கள் மட்டும் விலக்கு. அவர்களுக்குத் தனிக் கண்காணிப்பு உண்டு.

மிகைவளர்ச்சி முளை (‘ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்’), நாள்பட்ட இரைப்பை அழற்சியில் முளைப்பது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் அதை ஒழித்ததும் முளை சுருங்கலாம், மறைந்தும் போகலாம். அதனால், பெரிதாக இல்லாவிட்டால், முதலில் கிருமி சிகிச்சை, சில மாதங்கள் கழித்து மறுபார்வை. ஆனால் இந்தக் கிருமிக்கான பரிசோதனைக்கு முன் அமிலக்குறைப்பு மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

‘அடினோமா’ என்னும் சுரப்பித்திசு முளை இப்போது புற்று அல்ல, ஆனால் புற்றாக மாறக்கூடியது. ‘தீங்கற்றது’ என்ற சொல் ஏமாற்றும் இடம் இதுதான். முழுதாக அகற்றி, 12 மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள்.

பெரிய முளையின் நுனியில் இடுக்கியால் ஒரு துணுக்கு எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பிறழ்வு வேறோர் ஓரத்தில் இருக்கலாம். 1 செ.மீ.க்கு மேற்பட்டதை முழுதாக எடுத்துச் சோதிப்பதற்குக் காரணம் அதுவே. சுற்றியுள்ள சவ்விலும் தனியாகத் துணுக்குகள் எடுக்க வேண்டும். சவ்வு மெலிந்து போயிருந்தால் ஆபத்து முளையில் மட்டும் இல்லை, இரைப்பை முழுவதிலும் இருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. அறிக்கையில் முளையின் இடம், எண்ணிக்கை, மி.மீ. அளவு, காம்பு உண்டா இல்லையா, படம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சிறு பாலிப்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த முறை பார்ப்பவரால் அது வளர்ந்ததா என்று சொல்லவே முடியாது.