கசிகிற காற்று, இறுகுகிற பிஸ்டன்

மேலூர்ச் செம்மண்ணிலும் திருமங்கலத்துக் கரிசலிலும் ஓட்டுவதற்கென்று பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைத் தேடுகிறவர்கள் டேங்கின் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், சைலன்சரின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்கிறார்கள். இவை மூன்றும் இன்ஜினைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலக்கும் கார்புரேட்டர் வழியாக அல்லாமல் வேறு எந்த இடுக்கு வழியாகவாவது இந்த இன்ஜினுக்குள் காற்று நுழைகிறதா? டூ-ஸ்ட்ரோக்கைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியதும், வாங்கிய பின் சரிசெய்ய வேண்டியதும் பெருமளவு இதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

காரணம் இன்ஜினின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கும் அடி அறை வெறும் எண்ணெய்த் தொட்டி. அங்கே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கசிந்தால் தரையில் எண்ணெய் சொட்டும், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த அடி அறை கொல்லன் பட்டறைத் துருத்தியின் வேலையைச் செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது அறையில் அழுத்தம் குறைந்து, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை நசுங்கி, சிலிண்டர் சுவரிலுள்ள பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே பாய்கிறது. அதே நேரத்தில் எரிந்த புகை எக்ஸாஸ்ட் துளை வழியாக வெளியேறுகிறது. வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் தேவையில்லை. பிஸ்டனே கதவாகவும் இருந்து துளைகளைத் திறந்து மூடுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே 1890-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடிப்பு நிகழ்வதால் சிறிய இன்ஜினிலிருந்து பெரிய சக்தி கிடைக்கிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் இன்ஜின் வெறும் 98 சிசி. சிலிண்டர் விட்டம் 50 மிமீ, பிஸ்டன் ஓட்டமும் 50 மிமீ. அதிலிருந்து 11 குதிரைத்திறன் வந்தது. எடை குறைவு, முறுக்கினால் உடனே சீறும் குணம் ஆகிய இரண்டும் சேர்ந்துதான் மண் தரை ஓட்டத்துக்கு இந்த இனத்தை இன்றும் விரும்ப வைக்கின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. அடி அறை கலவை செல்லும் பாதையாகிவிட்டதால் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க முடியாது. பேரிங், கனெக்டிங் ராட், பிஸ்டன், ரிங் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே வர வேண்டும். ஆகவே எண்ணெயை டேங்கிலேயே கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. ஆவியாகும் பெட்ரோல் தரும் குளிர்ச்சியும் குறைகிறது. எரிதலின் வெப்பமோ கூடுகிறது. மூன்று கேடுகளும் ஒரே நேரத்தில் வருகின்றன.

அலுமினியப் பிஸ்டனுக்கும் இரும்புச் சிலிண்டரின் உட்சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கைந்து பங்கு. அலுமினியக் கலவை இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 50 மிமீ பிஸ்டன் சிலிண்டரைவிடக் கூடுதலாக 50 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் 0.05 மிமீ அளவுக்குப் பெருக்கும். இருந்த இடைவெளி அதோடு தீர்ந்துவிடும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துப் பின்சக்கரம் திடீரென்று நின்றுவிடும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்று சொல்வது இதைத்தான்.

இப்போது கசிவுக்கு வருவோம். கிராங்கின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. ஒரு முனையில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட், மறுமுனையில் கிளட்ச். மேக்னட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் வெறும் காற்று உள்ளே இழுக்கப்படும். கார்புரேட்டர் அளந்து கொடுத்த பெட்ரோலோடு அளக்காத காற்றும் சேர்ந்து கலவை மெலிந்துபோகும். கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் உறிஞ்சப்பட்டு எரியும். வெள்ளைப் புகை அடங்காது, ஸ்பார்க் பிளக் எண்ணெயில் நனைந்திருக்கும், கியர் ஆயில் வெளியே சொட்டாமலே குறைந்துகொண்டு வரும். விற்பவர் ‘டூ-ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தான் செய்யும்’ என்று சொன்னால் கியர் ஆயிலின் அளவைப் பாருங்கள். இரண்டில் ஆபத்தானது மேக்னட் பக்கத்துக் கசிவுதான். அது புகையாது, சொட்டாது; சில நேரம் வண்டி வழக்கத்தைவிட விறுவிறுப்பாக ஓடுவது போலவும் தோன்றும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய அறிகுறி உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கிச் சட்டென்று விடுங்கள். வேகம் உடனே இறங்கி ஐட்லிங்குக்கு வர வேண்டும். கேபிள் தடையில்லாமல் திரும்பியும் இன்ஜின் சற்று நேரம் மேலேயே நின்று தயங்கி இறங்கினால் எங்கிருந்தோ காற்று புகுகிறது. சீலாக இருக்கலாம், சிலிண்டர் அடிப் பேக்கிங்காக இருக்கலாம், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம். மதுரை வெயிலில் முப்பது ஆண்டுகள் கிடந்த ரப்பரில் வெடிப்பு இல்லாவிட்டால்தான் வியப்பு. உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, அழுத்தமானி பொருத்திய சிறிய பம்பினால் 6 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்ற வேண்டும். சில நிமிடங்கள் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். மேக்னட்டைக் கழற்றினால் அந்தப் பக்கத்துச் சீலையும் இப்படியே பார்க்கலாம். வாங்குவதற்கு முன் இதைச் செய்யச் சம்மதிக்கும் உரிமையாளர் கிடைப்பது அரிது. வாங்கிய பின், முதல் நாள் ஓட்டத்துக்கு முன் கட்டாயம் செய்துவிட வேண்டும். இரண்டு சீல்களின் விலை, போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் செலவின் பக்கத்தில்கூட வராது.

விற்பவர் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை, சைலன்சரைக் கழற்றுவது. எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் பிஸ்டனின் பக்கச் சுவர் கண்ணெதிரே நகரும். செங்குத்தான கீறல்கள் தெரிந்தால் இந்த இன்ஜின் ஏற்கெனவே ஒருமுறை இறுகியிருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இப்படி எட்டிப்பார்க்க வழியில்லை. டூ-ஸ்ட்ரோக் தன் காயத்தை மறைக்காமல் காட்டுகிறது. பார்க்காமல் பணம் கொடுப்பது நியாயமே இல்லை. கனெக்டிங் ராட்டில் மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு.

ஆயில் பம்பு வேலை செய்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஆர்எக்ஸ் 100 தன் டூ-ஸ்ட்ரோக் (2டி) ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து பம்பு வழியாக எடுத்துக்கொள்ளும் வண்டி. பலர் பம்பைக் கழற்றி வழியை அடைத்துவிட்டு, டேங்கிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுகிறார்கள். இதை அறியாமல் வாங்கியவர் வெறும் பெட்ரோலை ஊற்றினால் அந்த இன்ஜின் பிழைப்பது கடினம்.

எந்த வண்டி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100, அதன் வழியில் வந்த ஆர்எக்ஸ் 135, ஓசூரில் தயாரான டிவிஎஸ்-சுசூகியின் ஷோகன் ஆகியவற்றுக்கு உதிரிப்பாகமும் கைப்பழக்கமும் இன்னும் இருக்கின்றன. மதுரையைத் தாயகமாகக் கொண்ட டிவிஎஸ் குழுமம் 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டைக் கொண்டுவந்தது. அன்றுமுதல் இந்த வட்டாரத்துப் பட்டறைகள் டூ-ஸ்ட்ரோக்கோடு வளர்ந்தவை. வெளிநாட்டிலிருந்து வந்த, மண் தடப் பந்தயத்துக்கான அசல் மோட்டோகிராஸ் வண்டி கிடைத்தால் நிதானியுங்கள். அவற்றில் பலவற்றின் அலுமினியச் சிலிண்டருக்குள் இருப்பது நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு. லேத் பட்டறையில் போர் அடித்துச் சரிசெய்ய முடியாது. சாலைப் பதிவும் இருக்காது. உள்நாட்டு வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கசிவை அடைத்தாயிற்று. இனி கலவையை அளக்க வேண்டும். இங்கே ஒரு புதிய சிக்கல். இன்று பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்தால் சுமார் 13.5 கிலோ. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுதான் ஜெட். அந்தக் காலப் பெட்ரோலுக்காகத் துளையிட்ட பழைய ஜெட், இன்றைய பெட்ரோலை அதே அளவில் விடும்போது கலவை தானாகவே மெலிந்துவிடுகிறது. எந்தக் கசிவும் இல்லாத இன்ஜினுக்கும் ஒரு படி பெரிய மெயின் ஜெட் தேவைப்படுவது இதனால்தான். எண்ணெயைக் கூட்டுவதும் கலவையைச் சற்று மெலியவைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதில் 40 மில்லி ஊற்றினால் ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு 2 விழுக்காடு குறைகிறது. அதற்காக எண்ணெயைக் குறைக்க வேண்டாம். டேங்கில் கலந்து மண் தரையில் ஓட்டும் பழைய காற்றுக் குளிர்ச்சி இன்ஜினுக்கு லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி நல்ல அளவு. ஈடு செய்ய வேண்டியது ஜெட்டில்.

பருவமும் கணக்கில் வருகிறது. கத்திரி வெயிலில் இன்ஜின் இறுகும் என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் 40 டிகிரி சித்திரைப் பிற்பகலைவிட 20 டிகிரி மார்கழி விடியலில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். கார்புரேட்டர் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். சித்திரையில் சரியாக அமைத்த வண்டி மார்கழிக் குளிரில் மெலிந்த கலவையில் ஓடுகிறது. இன்ஜின் சூடாகும் முன்பே முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், பிஸ்டன் விரிந்து சிலிண்டர் இன்னும் விரியாத நிலையில் இறுகிவிடும். கொடைக்கானலில் நிலைமை நேரெதிர். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மதுரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலின் பங்கு மிகுந்து கலவை தடித்து, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில்தான் எரியும். வண்டி மந்தமாகப் பொருமும். ஆனால் இறுகாது. ஆகவே ஜெட் அமைக்கும்போது தடித்த பக்கமிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. கால்வாசிக்குக் கீழே பைலட் ஜெட், நடுப்பகுதிக்கு ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி, முக்கால்வாசிக்கு மேலே மெயின் ஜெட் என்று ஆக்சிலேட்டரின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் வேறு. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை தடிக்கும். முழு வேகத்தில் சற்றுத் தூரம் ஓட்டி, கிளட்சை அழுத்தி அங்கேயே இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானின் அடிப்பகுதி பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட்டுக்கு மாறுங்கள்.

சைலன்சரை வெட்டாதீர்கள். அதன் வயிற்றுப் பகுதி சத்தத்தை அடக்க மட்டும் இருப்பதன்று. எக்ஸாஸ்ட் துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை விரியும் கூம்பில் உறிஞ்சலை உண்டாக்கிப் புகையை இழுக்கிறது. பிறகு குறுகும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பிய புதுக்கலவையைத் துளை மூடும் முன் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடி. துளை திறந்திருப்பது அதில் பாதி, 4 மில்லி விநாடி. சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். அந்த 4 மில்லி விநாடியில் அலை போய்வரும் தூரம் 2 மீட்டர் என்றால் குழாயின் நீளம் சுமார் ஒரு மீட்டர். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் இந்தக் குழாயை வளர்த்தெடுத்தார். 1961-இல் அந்த நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி சுசூகியில் சேர்ந்தபோது இந்த அறிவும் கூடவே போனது; மறு ஆண்டே சுசூகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. அப்படிப்பட்ட அறிவியலைச் சத்தத்துக்காக அறுத்தெறிவது வருத்தமான செயல்.

மேலூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி எண்ணெய் பூச வேண்டும். கிரானைட் தூசியிலுள்ள குவார்ட்ஸ் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. டூ-ஸ்ட்ரோக்கில் அது முதலில் போகும் இடம் கிராங்க் பேரிங்.

மற்றவை சுருக்கமாக. செயின் மாட்டும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பற்களும் பின்னால் 42-ம் இருந்தால், பின்னால் 46 ஆக்கும்போது இழுவை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும், உச்சவேகம் அதற்கேற்பக் குறையும். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை, நீங்கள் உட்கார்ந்ததும் அதன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி வையுங்கள். கட்டை கட்டையான பற்கள் கொண்ட மண் தரை டயருக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ மணலில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீமைக்கருவேல முள் நிறைந்த தடத்தில் தடித்த டியூப் போடாமல் போகாதீர்கள். மழை பெய்த கரிசலில் எந்த அமைப்பும் உதவாது. மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

ஓட்டுவதற்கு உரிமையாளர் சம்மதித்த தரிசு நிலம் போதும். கண்மாய்க் கரையில் ஏற்றினால் சக்கரம் பறித்த தடத்தில் மழைநீர் அரித்துக் கரை பலவீனப்படும். அழகர்மலைக் காப்புக்காடும், கீழக்குயில்குடிச் சமணர் மலையும், 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் வண்டிக்கான இடங்கள் அல்ல.

சிறுமலை போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரின் பிடிப்பில் நீண்ட தூரம் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். பெட்ரோலோ ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். டேங்கில் எண்ணெய் கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது. பிரேக்கை அதிகம் நம்பி இறங்குங்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை கிளட்சை அழுத்தி ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கி விடுங்கள்.